சாமிக்கு வெச்ச சாமான்

தம்புசாமி அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னா என்னால முடியாது, மொதல்லயே சொல்லிடறேன். கிள்ளான் மேரு ரோட்டுல சுகுமாறனோட லோரி வர்க்‌ஷாப்புக்குப் பக்கத்துல ஜிங்க் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை என்னோடது. புனிதா கடைன்னா எல்லாருக்கும் தெரியும். அந்த மனுஷனுக்கு வருஷக்கணக்கா சோறு போட்டவ நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருக்கு புனிதான்னு அந்த வாயில வந்ததில்ல. "உப்பு என்ன, உன் வீட்டுக் கொல்லையில விளையுதா?"ன்னு கேப்பாரு. அந்த வாய்க்குப் பரிஞ்சு பேச எனக்கென்ன தலையெழுத்து? ஆனா அவருக்கு நடந்ததை நெனைச்சா இன்னும் வயிறு எரியுது. அதனாலதான் சொல்றேன், கேளுங்க.

பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல பொறந்தவரு. மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே கிள்ளான்ல ஒரு பஸ் கம்பெனிக்கு கிரீஸ் துடைக்க வந்து, கடைசியில அங்கயே ஃபோர்மேன் ஆனாரு. நடுவுல கல்யாணமும் ஆச்சு. அந்தப் பொம்பள ஒரு வருஷத்துல பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நானா இருந்தா ஒரு வருஷம் வரைக்கும் பொறுத்திருக்க மாட்டேன். பஸ் கம்பெனி மூடினதும் சுகுமாறனோட அப்பா கூட்டிட்டு வந்து வர்க்‌ஷாப் பின்னாடி ஒரு ரூம் குடுத்தாரு. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு முருகன் படம். புள்ள குட்டி கிடையாது. கூடப்பொறந்த அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, அவரும் செமினியில ஒரு முதியோர் இல்லத்துல இருந்து போய்ச் சேர்ந்துட்டாரு.

அந்த இல்லத்தைப் பத்தி மட்டும் ஒரு தடவ எங்கிட்ட மனசு விட்டுப் பேசியிருக்காரு. "அங்க எல்லாம் பிளாஸ்டிக் புனிதா. தட்டு பிளாஸ்டிக், கரண்டி பிளாஸ்டிக், நாற்காலி பிளாஸ்டிக். இரும்புன்னு ஒண்ணு கையில படாது. கைய மடியில வெச்சுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கானுங்க. நான் அங்க போக மாட்டேன். அதுக்கு முன்னாடி ஏதாவது லோரிக்கு அடியில படுத்துருவேன்." மறு நிமிஷமே, "என்ன சட்னி இது, தண்ணியா?"ன்னாரு.

அந்த ஆளுக்கு ஒரு வித்தை தெரியும். பழைய சாமானுக்குப் பேர் சொல்றது. இஞ்சின் வேலைக்குன்னு அந்தக் காலத்துல என்னென்னவோ சாமான் செஞ்சிருக்காங்க. வளைஞ்ச ஸ்பானர், அரை நிலா மாதிரி ஸ்பானர், மூணு மூலை வெச்ச சுரண்டி, எதுக்குன்னே தெரியாத கொக்கி. ஒரு இஞ்சின்ல ஒரே ஒரு நட்டுக்காக ஒருத்தன் ராவி வளைச்ச சாமான் கூட இருக்கும். பழைய இரும்பு விக்கிற பெசி புரோக் கடையிலயோ, செத்துப் போன அப்பாவோட பெட்டியிலயோ அப்படி ஒண்ணு அகப்பட்டா, காஜாங், பந்திங், செமினின்னு எங்கிருந்தெல்லாமோ தூக்கிக்கிட்டு இவர்கிட்ட வருவாங்க. இவரு ஸ்டூல்ல உக்காந்து, கண்ண மூடிக்கிட்டு, சாமானை ரெண்டு கையிலயும் ஏந்தி எடை பாப்பாரு. கட்டை விரலால ஓரம் ஓரமாத் தடவுவாரு. அப்புறம் பேர் சொல்லுவாரு, எந்த இஞ்சினுக்கு, அதுல எந்த எடத்துக்குன்னு சொல்லுவாரு. தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

பேரோட விட்டா நல்ல மனுஷன். விட மாட்டாரே! செமினியில ஏதோ டெக்னிக் காலேஜ்ல வாத்தியாரா இருக்கிறவர் ஒருத்தர், பாவம், பொண்டாட்டி புள்ளையோட கார்ல வந்து, "அங்கிள், எங்க தாத்தாவோட பழைய கை டிரில்லு"ன்னு ஒண்ண நீட்டினாரு. முட்டை அடிக்கிற மெஷின் மாதிரி பக்கத்துல ஒரு கைப்பிடி, அதைச் சுத்தினா முனை சுத்தும். இவரு வாங்கி ஒரே ஒரு சுத்து சுத்தினாரு. அந்த முனை முன்னாடி அரைச் சுத்து, பின்னாடி அரைச் சுத்துன்னு மாறி மாறிப் போச்சு.

"டிரில்லு பின்னாடி சுத்துமாய்யா?"ன்னாரு. "இது வால்வ் அரைக்கிற சாமான். பார்த்தா டிரில்லு மாதிரிதான் இருக்கும், கண்ணு இருக்கிற முட்டாளுங்க ஏமாறட்டும்னே செஞ்சு வெச்சிருக்கான். நீதான் பசங்களுக்குப் பாடம் நடத்துறியா? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா இது?"

வாத்தியாரு முகம் செத்துப் போச்சு. அந்தப் பொண்ணு புள்ளையக் கூட்டிட்டு கார்ல போய் உக்காந்துக்கிச்சு. "ஏண்ணே இப்படி, நாக்குல தேள் வளக்கறீங்களா?"ன்னு நான் சத்தம் போட்டேன். "உனக்கென்னடி, தோசையத் திருப்பு"ன்னாரு. அவ்வளவுதான் மரியாத.

இப்ப பரமேஸ்வரன் கதைக்கு வரணும். பரமான்னு கூப்பிடுவோம், சுகுமாறன்கிட்ட மெக்கானிக். சாது. கூப்பிட்ட குரலுக்கு 'வரேன் அக்கா'ன்னு வருவான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஆயுத பூஜை.

அந்த வர்க்‌ஷாப்புல ஆயுத பூஜைன்னா சின்ன விஷயமில்ல. காலையிலயே எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில கழுவி, வெள்ளைத் துணி விரிச்சு, வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மத்தியானம் சூடம் காட்டுவாங்க. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்களும் அவங்கவங்க சாமானைக் குடுப்போம். வருஷா வருஷம் என் கத்தியும் இடுக்கியும் அந்த வரிசையில போய் உக்காரும். சூடம் காட்டினதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒருத்தர் கையும் படக்கூடாது. எல்லா எடத்துலயும் அப்படித்தான், ஆனா இங்க அதுக்குக் காவல் தம்புசாமி அண்ணன். ஸ்டூலைத் துணிக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டு, கையில ஒரு இரும்புக் குழாயோட உக்காந்திருப்பாரு.

அன்னிக்குப் பூஜை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நானும் கடையச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். உள்ள காவலுக்கு அண்ணன், வாசலக் கூட்டிக்கிட்டு பரமா, ரெண்டே பேருதான் இருந்திருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்து போன். அவங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்கன்னு. ஓடிப்போய் மோட்டார் சைக்கிள உதைச்சா கிளம்பல. பிளக்கக் கழட்டித் துடைக்கணும். பிளக் ஸ்பானர் சாமிகிட்ட இருக்கு. கை நீட்டியிருக்கான்.

"சாமிக்கு வெச்சதைத் தொடாத."

"அங்கிள், அப்பாவுக்கு முடியல அங்கிள். ஒரே நிமிஷம்."

"தொட்டா கைய ஒடிப்பேன்"னு குழாயத் தூக்கியிருக்காரு. பரமா மெயின் ரோடு வரைக்கும் ஓடி, பஸ்ஸப் பிடிச்சுப் போயிருக்கான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அவரே சொன்னாரு! மறுநாள் காலையில என் கடையில உக்காந்து, கோப்பிய உறிஞ்சிக்கிட்டே, "நேத்து ஒருத்தன் சாமி சாமான்ல கை வெக்கப் பாத்தான், விட்டேனா?"ன்னு பெருமையா. அப்பதான் சுகுமாறன் வந்து, பரமா அப்பா தவறிட்டாருன்னு சொன்னான். இவரு கோப்பிய முழுசாக் குடிச்சாரு. எழுந்து போயிட்டாரு. சாவுக்கும் போகல, கருமாதிக்கும் போகல, அந்தப் பையன்கிட்ட 'என்னப்பா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கல்லு மனசுன்னா இதுதான்.

பரமா வேலைய விட்டுப் போவான்னு நெனைச்சேன். போகல. மறுபடியும் 'அங்கிள், அங்கிள்'னு அவருக்குக் கோப்பி வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தான். எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

வருஷங்க ஓடுச்சு. அவருக்குச் சக்கரை. மாத்திரை போடச் சொன்னா டாக்டரைத் திட்டுவாரு. கொஞ்ச நாளா எனக்கு ஒரு சந்தேகம். கரண்டியத் தட்டுல வெக்கறதா நெனைச்சு மேசையில போடுவாரு. நான் சத்தமில்லாம நின்னா பேச மாட்டாரு, செருப்புச் சத்தம் கேட்டாத்தான் "புனிதா"ம்பாரு. ஒரு நாள் நேராவே கேட்டேன். "அண்ணே, கண்ணு தெரியுதா?"

சுத்தி யாருமில்லன்னு உறுதி பண்ணிக்கிட்டாரு, அதுவும் காதாலதான். "நெழலாட்டம் தெரியும். வெளியில சொன்ன, உன் கடைப் பக்கம் வர மாட்டேன்."

"வராட்டி எனக்கு நிம்மதி லா"ன்னேன். ஆனா யாருகிட்டயும் சொல்லல. அந்தக் கண்ண மூடி எடை பாக்கிற ஸ்டைலு அவருக்கு நல்லா கைகொடுத்துச்சு. எல்லாரும் அது அவரோட கெத்துன்னு நெனைச்சாங்க. பாதி அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும், அப்புறம் வேற வழியில்லாமப் போச்சு.

ஆனா பரமா கண்டுபிடிச்சுட்டான். யாரோ கூட்டும்போது ஸ்டூலைத் தள்ளி வெச்சுட்டாங்க. இவரு வழக்கமான எடத்துல உக்காரப் போய் தரையில மல்லாக்க விழுந்தாரு. வர்க்‌ஷாப்பே சிரிச்சுது. பரமா மட்டும் சிரிக்கல. ஓடி வந்து தூக்கி விட்டான். தூக்கி விட்டுட்டு, ஒரு பெரிய ஸ்பானரை அவரு மூஞ்சிக்கு நேரா, மூக்குல படாத குறையாப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னான். அவரு இமைக்கவே இல்ல. பரமா ஸ்பானரை மெதுவாக் கீழ வெச்சுட்டு வேலையப் பாக்கப் போயிட்டான். நான் அடுப்புக்கிட்ட இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

இந்த வருஷம் நிலத்துக்குச் சொந்தக்காரர் எடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. சுகுமாறன் பந்திங்ல வேற எடம் பாத்துட்டான், அங்க தங்க ரூம் கிடையாது. தம்புசாமி அண்ணனை எங்க வெக்கிறது? சுகுமாறன் செமினி இல்லத்துல எடம் கேட்டு வெச்சான். சுகுமாறன் நல்லவன்தான், ஆனா தனக்கு வலிக்காத நல்லதுதான் செய்வான்.

அந்த நேரத்துல கமலநாதன்னு ஒரு லாயர் வந்து சேர்ந்தாரு. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆளு. அவங்க தாத்தா ரயில்வேயில ஃபிட்டராம். பழைய சாமானையெல்லாம் சேத்து, அங்கயே ஒரு கடைவீட்டுல கீழ காட்சிக்கு வெக்கப் போறாரு. வர்றவங்களுக்கு இது இன்னது, இதுக்குன்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். மாடியில ஒரு ரூமும் உண்டு. போன மாசம் ஒரு பெட்டி சாமானை சுகுமாறன்கிட்ட குடுத்துவிட, இவரு ஒவ்வொண்ணாத் தடவிப் பேர் சொல்ல, லாயருக்கு ஒரே சந்தோஷம். நேர்ல ஒரு தடவ பாத்துட்டா முடிச்சுடலாம்னாரு.

அண்ணன் முகத்துல நான் சிரிப்பு பாத்தது அந்த வாரம்தான். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல நல்ல தோசை கிடைக்கும் புனிதா, உன் தொல்லை விட்டுது"ன்னாரு. இரும்பு நடுவுலயே சாகலாம், அதான் அவருக்கு. அது கிடைக்கலன்னா செமினி. நடுவுல வேற ஒண்ணும் கிடையாது.

"என்னிக்கு வர்றாரு?"ன்னு கேட்டேன். பரமா பதில் சொன்னான். "ஆயுத பூஜை அன்னிக்கு அக்கா. நான்தான் லாயர்கிட்ட பேசினேன். நல்ல நாள் பாருங்க."

சாமான்ல கை வெக்கக் கூடாத நாளாச்சே அது! அண்ணனைத் தனியாப் பிடிச்சு, "வேற நாள் வரச் சொல்லுங்க"ன்னேன். "போடி. நம்ம சாமான்தான் பூஜையில இருக்கும். அந்த ஆளு சாமான் அவரு பெட்டியில இருக்கும், அதைத் தொட எவனைக் கேக்கணும்? தள்ளிப் போட்டா பயந்துட்டேன்னு நெனைப்பாங்க"ன்னாரு. அவரு சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு.

பூஜை அன்னிக்குக் காலையில பரமா வந்து வழக்கம்போல என் கத்தியையும் இடுக்கியையும் வாங்கிட்டுப் போனான். மத்தியானம் சூடம் காட்டுற நேரத்துக்குச் சரியா லாயர் கார் வந்துச்சு. இறங்கினதும் இறங்காததுமா பரமா ஓடிப்போய்ப் பெட்டியத் தூக்கினான். "சார், ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்தோட வந்திருக்கீங்க. சாமி பாதத்துல வெச்சு எடுத்துருவோம் சார், ராசி!" லாயருக்குப் புல்லரிச்சுப் போச்சு. "ஓ, வெரி நைஸ், வைங்க வைங்க"ன்னாரு. பரமா ஒவ்வொண்ணா எடுத்துத் துணியில வெச்சான். சந்தனம் வெச்சான். சுகுமாறன் சூடம் காட்டினான். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம்.

அண்ணன் ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு, மடியில அந்தக் குழாய். சூடம் அணைஞ்சதும் அவரு முகம் சாம்பலாயிடுச்சு. புரிஞ்சு போச்சு அவருக்கு, இனி லாயர் சாமானையும் தொட முடியாதுன்னு.

"ஐயா, ரெண்டு மூணு மட்டும் சொல்லுங்க, கேக்கறதுக்கு ஆசையா இருக்கு"ன்னாரு லாயர்.

"நாளைக்கு வாங்க சார், சாவகாசமாப் பாக்கலாம்."

"நாளைக்குக் காலையில ஃப்ளைட் ஐயா, வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள ஆள முடிவு பண்ணணும். சும்மா பாத்துப் பேர் மட்டும் சொன்னாப் போதும்."

"அங்கிளுக்குத் தூரத்துல பாத்தாலே தெரியும் சார்"னான் பரமா.

என்னால பொறுக்க முடியல. "அட, அவரு கையில குடுங்க லா! லாயர் வீட்டுச் சாமானுக்கு நேத்து வரைக்கும் என்ன பூஜை?"ன்னு கத்தினேன். கண்ணு தெரியலன்னு சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்த வேலை போச்சே! குருட்டு ஆளக் கடையில யாரு உக்கார வெப்பா?

அண்ணன் கைய மெதுவா முன்னாடி நீட்டினாரு. துணிக்கு மேல ஒரு சாண் உயரத்துல நின்னுச்சு.

"சாமிக்கு வெச்சதைத் தொடாதீங்க அங்கிள்."

சத்தமாச் சொல்லல பரமா. மரியாதையாத்தான் சொன்னான். சுகுமாறனும், "ஆமாண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"ன்னான். வேலை செய்ற பசங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, எத்தன பேரு அந்தக் குழாய்க்குப் பயந்தவனுங்க! அண்ணன் கைய இழுத்துக்கிட்டாரு. தொட்டுத் தொலைச்சிருக்கலாம். ஒரு தொடல்ல பிரிக்ஃபீல்ட்ஸ் கிடைச்சிருக்கும். சாமியா வந்து அடிச்சிருக்கும்? அந்தத் திமிரு விடல.

குனிஞ்சாரு. நெழலப் பாத்தாரு. மொதல் சாமானை வைக்கும்போது அதுல இருந்த திருகு கடகடன்னு ஆடுன சத்தத்தக் கேட்டிருப்பாரு. "வால்வ் ஸ்பிரிங் அமுக்குறது. லோரி இஞ்சினுக்கு"ன்னாரு. லாயர் கை தட்டினாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

ரெண்டாவது. நீளமா ஒரு உடம்பு, பக்கத்துல ஒரு கைப்பிடி. ரொம்ப நேரம் பாத்தாரு. கழுத்துல வேர்வை ஓடுச்சு.

"கை டிரில்லு."

லாயர் திரும்பி சுகுமாறனைப் பாத்தாரு. "ஐயா, போன மாசம் இதைத்தானே வால்வ் அரைக்கிற சாமான்னு சொல்லி அனுப்பினீங்க? அதையேதான் போர்டுல எழுதச் சொல்லியிருக்கேன்." பின்னாடி யாரோ 'களுக்'குனு சிரிச்சான். அந்த வாத்தியாரு பட்ட அவமானம் அங்க இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு.

"கடைசியா இது ஒண்ணு அங்கிள், இதச் சொல்லிடுங்க, சார் மனசு குளிரட்டும்"னு பரமா விரலால காட்டினான்.

நான் எட்டிப் பாத்தேன். ஐயோ, என் இடுக்கி! சோத்துப் பானை இறக்குற என் இடுக்கி, சந்தனம் குங்குமத்தோட லாயர் சாமானுக்கு நடுவுல கிடக்குது. "டேய் பரமா"ன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டாரு. ரெண்டு கை, நடுவுல ஒரு முடிச்சு, அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். குரலை உயர்த்தி, பழைய அதிகாரத்தோட சொன்னாரு.

"ரிங் பிளையர். பிஸ்டன் ரிங்க விரிச்சு மாட்டுறது. நல்ல கம்பெனி சாமான் சார், பத்திரமா வெச்சுக்கங்க."

சிரிச்சானுங்க பாருங்க! சுவத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான் ஒருத்தன். கண்ணுல தண்ணி வர சிரிச்சான் ஒருத்தன். வருஷக்கணக்கா வாங்கின திட்டுக்கெல்லாம் சேத்து வெச்சுச் சிரிச்சானுங்க. அண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையத் திருப்பினாரு. "என்ன? என்னடா? ரிங் பிளையர்தானே?" ஒருத்தனும் சொல்லல. லாயருக்கு அப்பதான் அந்தக் கண்ணு எங்க பாக்குதுன்னு புரிஞ்சுது. "போதும், போதும், ப்ளீஸ்"னு கைய அமர்த்தினாரு. அண்ணன் தோளத் தொட்டு, "உடம்பப் பாத்துக்கங்க ஐயா"ன்னாரு. அவ்வளவுதான், கார் போயிடுச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரூமும் அதோட போச்சு.

நான் பரமாவ வர்க்‌ஷாப் பின்னாடி இழுத்துட்டுப் போய்க் கன்னத்துல ஒண்ணு விட்டேன். "மனுஷனாடா நீ?" அவன் கன்னத்தத் தடவிக்கிட்டான். "நான் என்ன பண்ணேன் அக்கா? சாமி கும்பிட்டேன்"னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுக்காக நான் எரக்கப்படல.

செமினி வேன் வந்த அன்னிக்கு அண்ணன் ஒரு சண்டையும் போடல. ஒரு பிளாஸ்டிக் பையில துணி, முருகன் படம். வேன்ல ஏறி உக்காந்து, என் கையப் பிடிச்சாரு. அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் கை என் மேல பட்டதே இல்ல.

"புனிதா, அந்த மூணாவது சாமான் என்ன? ரிங் பிளையர் இல்லன்னா, வேற என்ன அது? ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்."

"யாருக்கும் தெரியலண்ணே. லாயரே தலையச் சொறிஞ்சாரு"ன்னேன். சட்டுனு வந்துச்சு பொய்.

அவரு முகம் தெளிஞ்சுது. "அதான பாத்தேன்! தெரியாத நாய்ங்க சிரிச்சிருக்கானுங்க"ன்னாரு. அந்தச் சந்தோஷத்தோடயே போனாரு. அது போதும்னு நெனைச்சேன்.

தீபாவளிக்கு முன்னாடி சுகுமாறன் முறுக்கும் வேட்டியும் வாங்கிக் குடுத்து, பரமாவோட வேன்ல என்னையும் செமினிக்கு அனுப்பினான். அவன்கூட ஒரே வண்டியில உக்கார எனக்கு இஷ்டமில்ல, வேற வழியும் இல்ல.

இல்லம் சுத்தமாத்தான் இருந்துச்சு. கவனிச்சுக்கிறவங்களும் அன்பாத்தான் இருந்தாங்க. வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில வரிசையா உக்காந்திருந்தாங்க, கைய மடியில வெச்சுக்கிட்டு. அவரும் ஒருத்தரா உக்காந்திருந்தாரு. இளைச்சிருந்தாரு. கட்டை விரல் மட்டும் ஆள்காட்டி விரல்மேல ஓயாமத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. என் செருப்புச் சத்தம் கேட்டதும், "புனிதா! யாராவது கண்டுபிடிச்சாங்களா?"ன்னாரு. அந்தச் சாமானைப் பத்திப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் கதை சொல்லி வெச்சிருக்காரு. கிள்ளான்லயே யாருக்கும் தெரியாத சாமான்னு.

"இன்னும் இல்லண்ணே"ன்னேன்.

"நான் கொண்டு வந்திருக்கேன் அங்கிள்"னான் பரமா. முறுக்குப் பைக்குள்ள கைய விட்டு என் இடுக்கிய எடுத்தான். காலையில அவசரத்துல நான் தேடிக்கிட்டிருந்த அதே இடுக்கி. "இப்பத் தொடலாம் அங்கிள். தொட்டுப் பாருங்க."

தடுக்கத்தான் எழுந்தேன். அதுக்குள்ள அது அவரு கையில. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டாரு. இரும்பு பட்டதும் அந்த முகம் மலர்ந்துச்சு பாருங்க, அதப் பாக்காம இருந்திருக்கலாம். கண்ண மூடி எடை பாத்தாரு. கட்டை விரல் ஓரமாப் போச்சு, வளைவுக்குப் போச்சு, நடுவுல இருக்கிற ரிவெட்டுக்கு வந்து நின்னுச்சு. அந்த ரிவெட்டு அவரு அடிச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆடுதுன்னு குடுத்தேன், திட்டிக்கிட்டே அடிச்சுக் குடுத்தாரு.

விரல் அங்கயே நின்னுச்சு.

"யாருக்கும் தெரியலன்னு சொன்னியே புனிதா"ன்னாரு.

அவரு பரமா நின்ன பக்கம் முகத்தத் திருப்பினாரு.

"பரமா. உங்கப்பாவ அன்னிக்குப் பாக்க முடிஞ்சுதா?"

இத்தன வருஷம் கழிச்சு அப்பதான் கேக்கறாரு.

"இல்ல அங்கிள். நான் போறப்ப முகத்த மூடிட்டாங்க."

அண்ணன் தலைய ஆட்டினாரு. பரமா முறுக்குப் பைய அவரு மடியில வெச்சான். "வரேன் அங்கிள்"னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வேனுக்கு நடந்தான். ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுச் செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு எனக்கு, ரெண்டு பேருக்காகவும் அழுகையா வந்துச்சு.

"கடைக்கு வேணும்ல"ன்னு அண்ணன் இடுக்கிய நீட்டினாரு. எப்பவும் சாமானைக் குடுக்கற மாதிரி, பிடி என் பக்கம் வர்ற மாதிரி. ஆனா நான் நின்னது வலப்பக்கம். அவரு நீட்டினது இடப்பக்கம், சுவத்தப் பாத்து. நான் சுத்திப் போய் வாங்கிக்கிட்டேன்.

என் கடையில இருக்கிற இடுக்கி அது ஒண்ணுதான். இன்னிக்குக் காலையிலயும் அதாலதான் சாம்பார்ச் சட்டிய இறக்கினேன்.